மருந்து ரூமுக்குள் இரும்பு

மல்லாங்கிணற்றுக் கரிசல் மண்ணிலிருந்து நான் எடுத்த பாக்டீரியா, இரும்பு கிடைக்காதபோது ஒரு சேர்மத்தைச் செய்து வெளியே அனுப்பும். அது மண்ணிலிருக்கும் இரும்பைக் கவ்விக்கொண்டு திரும்பி வரும். அந்தச் சேர்மத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு.

வடிவம் தெரிய, அதை மதுரையில் இருக்கும் காந்தக் கருவிக்குள் வைத்துப் பார்க்க வேண்டும். துளி இரும்பு ஒட்டியிருந்தாலும் கருவி வரைந்து தரும் கோடுகள் கலங்கிப்போகும். அங்கே அனுப்பிய முதல் இரண்டு மாதிரிகளும் இரும்பு ஒட்டி லேசாகச் சிவந்திருந்தன. முடிவும் கலங்கலாகத்தான் வந்தது. என் பதிவுக் காலம் முடியப்போகிறது. மூன்றாவதும் கெட்டால் பட்டம் அவ்வளவுதான்.

ஆய்வுக்கு வருமுன் இரண்டு வருடம் சிவகாசிப் பக்கம் ஒரு வெடி ஆபீஸில், அதாவது பட்டாசுக் கம்பெனியில், வேலை பார்த்தேன். எங்கள் பக்கம் மருந்து என்றால் மாத்திரை இல்லை, வெடிமருந்து. மருந்து ரூமுக்குள் இரும்பு போகக் கூடாது; உரசினால் பொறி பறக்கும். தலையிலிருக்கும் ஹேர்பின்னைக்கூடக் கழற்றி வைக்கச் சொல்வார் போர்மேன். இரண்டு மாதிரி கெட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? ஆய்வகத்தில் ஒரு அறையை அப்படியே மாற்றினேன். கண்ணாடிச் சாமான்களை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினேன், கரண்டியெல்லாம் பிளாஸ்டிக். கூடப் படித்தவர்கள் வெடி ஆபீஸ் என்று கேலி செய்தார்கள். போங்கடா என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாதிரி வெள்ளை வெளேரென்று காய்ந்திருந்த காலையில், அதைச் சுரண்டி எடுக்க என் பேராசிரியர் ஓரம் துருப்பிடித்த இரும்புக் கரண்டியோடு உள்ளே வந்தார்.

"ஏலே, மருந்து ரூமுக்குள்ள இரும்பக் கொண்டாராத. வெளிய வச்சுட்டு வா."

சொன்னது நான்தான். அதுவும் போர்மேன் குரலில். எனக்கு உயிரே போய்விட்டது. அவர் என்னையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை வெளியே வைத்துவிட்டு வந்தார்.

மதுரையிலிருந்து முடிவு வந்தபோது கோடுகள் ஊசி ஊசியாக நின்றன. அதை வைத்துக் கரும்பலகையில் வடிவத்தை வரைந்தேன். மூன்று வளையங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஆக்சிஜன், ஆக இரும்பைப் பிடிக்க ஆறு.

"நடுவுல காலியா விட்டுட்டியேம்மா?" என்றார் பேராசிரியர்.

"இரும்பு வந்து உக்கார்ற எடம் சார். நாமதான் அத வர விடலையே."

அவர் சிரித்துவிட்டு மற்ற மாணவர்களைக் கூப்பிட்டார். சந்தேகம் இருந்தால் என்னிடம் கேட்கச் சொன்னார். தானும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் வரைந்ததைத் தன் நோட்டில் பார்த்து எழுத ஆரம்பித்தார். அப்போது எனக்கு வந்த கர்வத்தை என்னவென்று சொல்ல!