என் கடை சார்ட்டும் செண்பகத்தின் லேப்டாப்பும்

கண்ணாடிக் கடை வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் என் கெட்டிக்காரத்தனத்தை நிறையவே அளந்திருக்கிறேன். நான் அசடு வழிந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கரன்கோவிலில் முப்பது வருஷமாகக் கண் பார்த்து பவர் எழுதுகிறேன். ஆயுத பூஜையன்று எழுத்து சார்ட்டைத் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, எதிரே நின்று நானும் ஒருமுறை வாசித்துக்கொள்வேன். வருஷா வருஷம் சிக்ஸ் பை சிக்ஸ், அதாவது குறையே இல்லாத பார்வை. அந்தத் தெம்பில்தான் வீடு இருக்கும் பனவடலிசத்திரத்துக்கு வண்டியில் போய்வந்தேன். பின்னால் உட்காரவே பயமாயிருக்கிறது, ஒரு பள்ளம் பாக்கியில்லாமல் விடுகிறீர்கள் என்று என் மனைவி பேச்சியம்மாள் புலம்பினாள். நான் ரோடு போட்டவனைத் திட்டினேன். ஒரு சாயங்காலம் அவள் கத்தியதால்தான் நடுரோட்டில் நின்ற எருமைக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். அன்றைக்கு எருமையைத் திட்டினேன்.

குருவிகுளத்தில் இ-சேவை மையம் நடத்துகிறவள் செண்பகம். அந்த வாரம் லேப்டாப்பும் கையுமாக வந்து, வீட்டிலேயே இதில் வரும் எழுத்தை வாசித்துக் கண்ணைப் பார்த்துவிட்டேன், இடது கண்ணில் இரண்டு வரி குறைகிறது என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நாளைக்குக் கம்ப்யூட்டரிலேயே பல்லும் பிடுங்குவீர்களா என்று கேட்டேன். அவள் அசரவில்லை. திரையில் தெரியும் கார்டு படத்தின் மேல் ஏடிஎம் கார்டை வைத்து அளவைச் சரிசெய்தாளாம். டேப் பிடித்து மூன்று மீட்டர் அளந்தாளாம். ஒவ்வொரு கண்ணாகப் பொத்தி அவள் வாசிக்க, வீட்டுக்காரர் திரைப் பக்கம் நின்று சரிபார்த்தாராம். அவள் கண்ணை என் சார்ட்டில் பார்த்தேன். சொன்னபடியே இரண்டு வரி குறைந்தது.

தோற்றுப்போன கடுப்பில், அதை வை, நானும் பார்க்கிறேன் என்று மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தேன். இடது கண் தேறியது. பிறகு அதைப் பொத்திக்கொண்டு கடைசி வரியை மளமளவென்று சொன்னேன்: “எஃப், இ, எல், ஓ, பி, இஸட், டி.”

செண்பகம் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. “அண்ணாச்சி, நீங்க சொல்லுதது உங்க சொவத்து சார்ட்டு. இங்கன ஒவ்வொரு தடவையும் எழுத்து மாறும்.”

மறுபடி பார்த்தேன். மூன்றாவது வரிக்குக் கீழே ஒரே கலங்கல். எத்தனை வருஷமாகப் பேச்சியம்மாளை இந்தக் கண்ணை நம்பிப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேனோ!

திருநெல்வேலி டாக்டர் வலது கண்ணில் புரை என்றார். லேப்டாப் குறையைத்தான் காட்டும், காரணத்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் முடிந்து டாக்டர் சரி சொல்லும்வரை பஸ்ஸில் போய்வந்தேன். இப்போதெல்லாம் சார்ட்டைக் கடைசியிலிருந்து வாசிக்கச் சொல்கிறேன், நடுவில் விரல் வைத்தும் கேட்கிறேன். என் கண்ணை நானே பார்ப்பதில்லை. நீங்களும் உங்கள் கண்ணை நீங்களே பார்க்காதீர்கள்.

சார்ட்டை ஒப்பித்த விஷயத்தை மட்டும் வீட்டில் மறைத்துவிட்டேன். கண்ணாடி வாங்க வந்த செண்பகம், கடைக்கு வந்திருந்த பேச்சியம்மாளிடம் போட்டு உடைத்துவிட்டாள். வீட்டுக்குக் கிளம்பும்போது, பேச்சியம்மாள் வண்டியில் ஏறுமுன் நின்று கேட்டாள்:

“அப்போ இத்தன நாளா ரோட்டையும் மனப்பாடமாத்தான் ஓட்டுனியளா?”