சமையற்காரிக்குப் போயா லீவு

வெயில் ஏறினால் இறப்பர் மரத்தில் பால் நின்றுவிடும். அதனால் புஷ்பம் பால் வெட்டத் தோட்டத்தில் பேர் பதிந்த நாளிலிருந்து இருட்டில்தான் எழும்பினாள். வயதாகித் தோட்டத்து வேலை முடிந்ததும், வத்தளையிலிருக்கும் மகன் கிருஷ்ணராஜ் அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். அங்கே பிள்ளைகளின் பள்ளிக்கூட வேன் இருட்டோடு வந்தது. மறுபடியும் அதே எழும்பல்.

உங்களுக்கு என்ன ஆசை என்று மகனும் மகள் சுகந்தினியும் ஒருநாள் கேட்டார்கள். வெயில் வந்த பிறகு ஒரு நாளாவது எழும்ப வேண்டும் என்றாள். இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. அரநாயக்கப் பக்கத்து மலையில், முன்பு தோட்டத்துத் துரை குடியிருந்த பங்களா ஒன்றை இரண்டு குடும்பத்துக்குமாக ஒரு கிழமைக்கு எடுத்தார்கள். சமையலுக்கு ஆள் கிடையாது; நாமே பொங்கித் தின்ன வேண்டும். அதனால் வாடகையும் குறைவு.

முழங்கால் வலியோடு அம்மா மாடி ஏற வேண்டாம் என்று அடுப்படியை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். அக்கறையோடுதான் கொடுத்தார்கள். அந்த அறையில் முன்பெல்லாம் துரையின் அப்பு, அதாவது சமையற்காரன், படுத்தான் என்று யாரும் யோசிக்கவில்லை.

முதல் நாள் காலையிலேயே பிளேன்டீ கேட்டுக் கதவு தட்டப்பட்டது. பிறகு ரொட்டி, கட்டச் சம்பல், மத்தியானத்துக்குக் கோழி. மருமகள் வெங்காயம் உரிக்க வந்தாள். போன் அடித்ததும் போனாள். அம்மாவின் கைப்பக்குவம் யாருக்கும் வராது என்று மருமகன் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் சொன்னான். கைச்சுவை பெண்ணுக்குப் பிறவியிலேயே வருகிறது என்பதற்கு இதுவரை ஒருவரும் சான்று காட்டியதில்லை. ஆனாலும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் அதை நம்புகிறார்கள். நம்பினால் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை. புஷ்பத்துக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, எலும்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும் அலுப்பு.

பங்களாவைப் பார்த்துக்கொள்ளும் ஸப்ரி, தேங்காயும் காஸ் சிலிண்டரும் கொண்டு பின்வாசலோடு வருவான். முன்பக்கம் போய் விருந்தாளிகளைத் தொந்தரவு செய்யக்கூடாதென்பது முதலாளியின் உத்தரவு. அதனால் அவன் கண்டதெல்லாம் அடுப்படியில் வியர்த்து நிற்கும் ஒரு பெண்பிள்ளையைத்தான்.

“அக்கா, இவங்கட வீட்டுல எத்தன வருஷமா வேல?” என்று கேட்டான்.

புஷ்பம் கொஞ்சம் யோசித்தாள்.

“ரொம்ப வருஷமாத் தம்பி.”

அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, முதலில் உட்காரச் சொன்னான். அந்தப் பங்களாவில் அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவன்தான். போகும்போது, நாளைக்குப் போயா, பௌர்ணமி, தனக்கு லீவு, தேங்காயை இன்றைக்கே எண்ணி வாங்கிக்கொள்ளும்படி சொன்னான். பிறகு, “ஒங்களுக்கும் லீவுதானே?” என்றான்.

“அது பன்சலைக்குப் போய்ப் புத்தரக் கும்பிடுறவங்களுக்குத் தானே தம்பி?”

“நான் என்ன, பன்சலைக்கா போறேன்? வேல செய்ற எல்லாருக்கும்தான் அக்கா. சட்டம். சும்மா விட்டுக் குடுக்காதீங்க.”

நிலா முழுசாக இருப்பதற்கும் மனிதர் களைப்புக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஓய்வை நேராகக் கேட்டால் கொடுக்காத ஊரில், நிலாவின் பேரிலாவது கிடைத்தால் சரி.

மறுநாள் கிருஷ்ணராஜ் கதவைத் தட்டினான்.

“அம்மா, எழும்பலயா? மேலுக்குச் சொகமில்லையா?”

“சொகமாத்தான் இருக்கேன். இன்னைக்குப் போயா. எனக்கு லீவு.”

அவன் சிரித்தான். “என்னம்மா, சமையக்காரி மாதிரி பேசுறீங்க?”

“அந்த ஸப்ரி தம்பி அப்படித்தான் நெனச்சிருக்கு. நானும் இல்லேன்னு சொல்லல. சமையக்காரிக்காவது லீவு இருக்கேப்பா.”

கதவுக்கு வெளியே சிரிப்பு நின்றது. பிறகு செருப்புச் சத்தம் அடுப்படிப் பக்கம் போயிற்று. ஏதோ மூடி உருண்டது. பால் பொங்கி வழிந்த தீய்ந்த வாசம் வந்தது. எழும்பிப் போகச் சொல்லிக் கால் இரண்டும் துடித்தன. புஷ்பம் போர்வையை இழுத்துக் காலைச் சுற்றிக்கொண்டாள்.

மறுபடி கண் திறந்தபோது யன்னல் வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. பருப்புக்கு எவ்வளவு தண்ணி ஊத்துறது என்று சுகந்தினி வெளியே நின்று கேட்டாள். புஷ்பத்துக்கு நன்றாகக் கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.