தண்ணீர் விடக்கூடாத மூன்று நாட்கள்

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் டீ குடிக்கமாட்டார். நேராகக் கட்டடத்துக்குள் போய், முந்தின நாள் பூசிய சுவரில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் திரும்பி வந்து டம்ளரை வாங்கிக்கொள்வார். காய்ந்திருந்தால் டீ ஆறிப்போகும். கல்யாணமான மறுவாரத்திலிருந்து, பத்தொன்பது வருடமாக, இதைப் பார்க்கிறேன். எத்தனை நாள் அந்த டீயை மறுபடி சுட வைத்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

அவர் பெயர் பச்சையப்பன். சத்தியவேட்டுப் பக்கம் எங்கள் ஊர். நிலத்தை அண்ணன் தம்பிகள் பிரித்தால் ஆளுக்கு அரை ஏக்கர்கூடத் தேறாது என்று திருப்பதிக்குக் கட்டட வேலைக்கு வந்தவர். சிமெண்டுக்குத் தண்ணீர் விடுவதுதான் அவர் வேலை. எந்த வேலையாக இருந்தாலும் போட்ட பிறகு ஏழு நாள் காயவிடக்கூடாது, காய்ந்தால் வெடிக்கும். மற்றவர்கள் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு ஏழு நாள் அது இவருடையது. இதை ஒரு வேலை என்று யாரும் நினைப்பதில்லை. "பச்சண்ணா சிமெண்டுக்குப் பால் குடுக்கப் போறாரு" என்று சீனு மேஸ்திரி கேலி செய்வார். இவர் ஹோஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

நாங்கள் குடியிருப்பது கட்டடம் நடக்கிற இடத்திலேயே, தகர ஷெட்டில். கட்டடம் முடிந்தால் ஷெட்டைப் பிரித்து அடுத்த இடத்துக்கு வண்டியில் ஏற்றுவோம். இதுவரை பதினோரு இடம் மாறியாயிற்று. எதிலும் உள்பக்கம் தாழ்ப்பாள் போடுகிற கதவு இருந்ததில்லை. புடவையைக் கட்டி மறைத்துக்கொண்டுதான் இன்றுவரை குளிக்கிறேன்.

திருச்சானூர் சாலைக்குப் பின்னால் ஐந்து மாடி அபார்ட்மெண்ட் எழும்பியபோது முதலாளி ஒரு வார்த்தை சொன்னார். எல்லாம் நல்லபடியாக முடிந்து வீடுகளை ஒப்படைத்ததும் நீங்களே வாட்ச்மேனாக இருங்கள், கீழே மோட்டார் ரூமை ஒட்டியிருக்கும் அறை உங்களுக்கு என்றார். ஆள் இல்லாத நேரத்தில் அந்த அறைக்குள் போய் அடி வைத்து அளந்தேன். பத்தரை அடி, ஒன்பது அடி. ஒரு ஜன்னல். அதை ஒட்டியே கக்கூஸ். கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். இதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

நல்லபடியாக முடிவதற்கு ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. வெயில் உள்ளே இறங்காது, ஏசி கொஞ்சமாக ஓடும், கரண்டு பில் குறையும், நான்கு ஸ்டார் கிடைக்கும் என்று முதலாளி விளம்பரத்தில் போட்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் பாதி வீடுகள் பதிவாகியிருந்தன. அந்த ஸ்டாரைக் கொடுப்பதற்குச் சித்தூரிலிருந்து ஹரிப்ரியா மேடம் வந்தார். முப்பது வயது இருக்கும். முதல் இரண்டு தடவை ஜன்னல் கண்ணாடியையும் சுவரின் கனத்தையும் அளந்து, விளக்குகளை எண்ணிக்கொண்டு போனார். மூன்றாம் தடவை, மே மாத வெயிலில், ஐந்தாவது மாடி வீடுகளின் கூரைக்கு அடியில் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளை ஒட்டினார். அதில் சூடு எவ்வளவு என்று எண் ஓடும். மூன்று நாள் இருக்கும், தொடாதே, பெருக்கும்போது ஜன்னலைத் திறக்காதே என்று என்னிடம் சொன்னார். தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் மொட்டை மாடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது என்று மேடம் இன்ஜினியர் முரளிதரன் சாரிடம் சொல்லியிருக்கிறார். சார் மேஸ்திரிகளிடம் சொன்னார். மாடிக் கதவில் தெலுங்கில் எழுதியும் ஒட்டினார். என் வீட்டுக்காரர் அன்றைக்கு விடிந்ததும் தண்ணீர் விட்டுவிட்டு ஒரு சாவுக்காக ஊருக்குப் போயிருந்தார், மாலையில்தான் வந்தார். அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. மாடிக் கதவு வழியாக அவர் போவதும் இல்லை. ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு பின்பக்கத்து இரும்பு ஏணியில்தான் ஏறுவார். மாடியில் வெள்ளை கூலிங் டைல்ஸ் பதித்து, இடுக்குகளுக்குச் சிமெண்ட் பூசி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. இன்னும் ஐந்து நாள் பாக்கி.

காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் ஏணியிலிருந்து குரல் கொடுப்பார். கீழே மோட்டாரைப் போடுவது நான்.

இரண்டாம் நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு ஐந்தாவது மாடிக்குத் துடைக்கப் போனேன். நுழையும்போது முப்பத்தேழு காட்டிய பெட்டி, துடைத்து முடிப்பதற்குள் முப்பத்தாறுக்கு இறங்கியது. வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மேலே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நல்லதுதானே, வீடு குளிர்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

நான்காம் நாள் மேடம் பெட்டிகளைக் கழற்றி, கீழே பிளாஸ்டிக் மேஜையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. முரளிதரன் சாரைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கோடு மேலே போகிற நேரத்தில் கீழே இறங்கியிருக்கிறது, தினமும் இரண்டு வேளை, ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கிற மாதிரி நேரம் தவறாமல் யாரோ தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்றார். சார் கோவிந்தா மேல் சத்தியம் செய்தார். மத்தியானம் முதலாளியும் வந்துவிட்டார். குளிர்ச்சியாக வந்திருந்தால் நல்லதுதானே, அப்படியே எழுதிக்கொடுங்கள் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மேடம் சிரிக்கவில்லை.

தண்ணீர் எப்படி வந்தது என்று தெரிந்தால் பெட்டிகளை இன்னொரு தடவை வைப்பதாகச் சொன்னார். தெரியாவிட்டால் இந்தக் கணக்கை நம்ப முடியாது, ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள் என்று எழுதி ஃபைலை மூடிவிட்டு நான்கு மணிக்குக் கிளம்பிவிடுவேன் என்றார்.

முதலாளி, முரளிதரன் சாரின் பக்கம் திரும்பினார். எனக்கு நல்லது செய்வதாக நினைத்து நீதான் செய்திருக்கிறாய், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த இடத்தில் என் வீட்டுக்காரரை 'அண்ணா' என்று கூப்பிடுகிற பெரிய ஆள் முரளிதரன் சார் ஒருவர்தான்.

என் வீட்டுக்காரர் தூணுக்கு அருகில் நின்றிருந்தார். தோளில் ஹோஸ் சுருள். மேடம் பேசியது முழுவதும் அவருக்குப் புரிந்துவிட்டது என்று, ஹோஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஷெட்டுக்கு வந்தோம். சோற்றில் குழம்பை ஊற்றினேன். பிசைந்தார், சாப்பிடவில்லை.

"நான்தான்னு சொன்னா மொதலாளி வெச்சிக்கமாட்டாரு, ரூம்பு போவும்" என்றார்.

தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"சொல்லலன்னா சார் போவாரு. அவருக்கு ரெண்டு கொயந்தைங்க."

"யாரும் உன்னாண்ட சொல்லலியே, மாமா. அவங்க தப்புதானே?"

"சொல்லல. சொல்ற மாரி ஒரு ஆளா நான் இருந்தாத்தானே." தட்டை நகர்த்தினார். "அத்தினி பேரு முன்னாடி நின்னு பேச எனக்கு வராது, தாட்சா. மூணு மணிக்கு எப்பவும் போல ஏறுறேன். மோட்டார் போடறதும் போடாததும் உன் இஷ்டம். அந்த ரூம்பு உனக்குத்தான் அதிகமா வேணும்."

நான் அளந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூன்று மணி. மேஜையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். மேடம் பெட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். முரளிதரன் சார் படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் இரும்பு ஏணி சத்தம் போட்டது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சத்தம். பிறகு நின்றது.

மோட்டார் ரூமில் நான் மட்டும். வலது பக்கம் அந்த அறையின் கதவு, புது பெயிண்ட் வாசனை. சுவிட்சில் கையை வைத்தேன். அவர் குரல் கொடுக்கவில்லை. மற்ற நாட்களில் கொடுப்பார். இன்றைக்குக் கொடுத்தால் அது என்னை வற்புறுத்துவது போல ஆகிவிடும் என்று விட்டிருக்கிறார். ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். நான்கு பேர் நடுவில் பெயர் கேட்டால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையை எடுத்தேன். புடவையில் துடைத்தேன். திரும்ப வைத்தேன்.

போட்டேன்.

மோட்டார் உறுமியது. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து இறங்கும் குழாய் வழியாகத் தண்ணீர் வந்து முற்றத்தில் கொட்டியது. நான் வெளியே வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நின்றேன். மேடம் முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னை, பிறகு ஏணியை. பின்பக்கம் நடந்து போய் அண்ணாந்தார்.

"அண்ணா, மூணு நாளும் நீங்கதானா?"

"ஆமா மேடம். ஏழு நாள் விடணும். இன்னிக்கி ஆறாம் நாளு. நாளைக்கி ஒண்ணு பாக்கி கீது."

யாரும் சிரிக்கவில்லை. சீனு மேஸ்திரிகூட. இவரிடம் சொன்னீர்களா என்று மேடம் சாரைக் கேட்டார். சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை, இவரை மறந்துவிட்டேன் என்றார். மேடம் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். நாளையும் தண்ணீர் விடட்டும், மாடி நன்றாகக் காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினார். முதலாளி எங்கள் பக்கம் பார்க்காமல் காரில் ஏறினார்.

அடுத்த வாரம் பெட்டிகள் மறுபடி ஒட்டப்பட்டன. தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் வெயில் காய்ந்தது. மூன்று ஸ்டார்தான் வந்தது. விளம்பரத்தை மாற்ற வேண்டியதாயிற்று. பதிவு செய்தவர்களில் சிலர் சண்டைக்கு வந்தார்கள். முதலாளி எங்களைத் திட்டவில்லை. வீடுகளை ஒப்படைத்த அன்று, செக்யூரிட்டி கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார், ஷெட்டைப் பிரித்துவிடுங்கள் என்று சீனு மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பினார்.

அந்த அபார்ட்மெண்டின் லிஃப்டுக்குப் பக்கத்தில் மூன்று ஸ்டார் போட்ட சான்றிதழ் கண்ணாடிக்குள் மாட்டியிருக்கிறது. முரளிதரன் சார் அதே முதலாளியிடம்தான் வேலையில் இருக்கிறார். மோட்டார் ரூமை ஒட்டிய அறையில் வேறு ஒருவர் குடியிருக்கிறார். நாங்கள் சந்திரகிரி தாண்டி ஒரு புதுக் கட்டடத்தில் இருக்கிறோம், பன்னிரண்டாவது ஷெட்.