தைப்பிங்குக்கு மூன்று வழிகள்

தைப்பிங் போக மூன்று வழிகள் இருந்தன. மூன்றிலும் ஆட்கள் செத்திருந்தார்கள்.

முதலாவது, பஸ்ஸில் ரவாங் போய் அங்கிருந்து ரயில். இரண்டாவது, கோல சிலாங்கூரில் ஆற்றைக் கடந்து, கடற்கரைப் பாதையாக சபாக் பெர்ணம், அப்புறம் தெலுக் ஆன்சன். மூன்றாவது, பாகான் நக்கோடா ஓமாரில் மீன்படகு பிடித்துக் கடல்வழி. ராஃபேல் மூன்றையும் ஒரு லோரிச் சிட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதினான். பஸ் எத்தனை மணிக்கு, ஆற்றைக் கடக்கும் பெர்ரி எத்தனை மணிக்கு, எந்த மைல்கட்டையில் சோதனைச் சாவடி என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆள் செத்த இடத்தில் ஒரு சின்னச் சிலுவை போட்டான். செத்தவர்களுக்கு வேறு குறி அவனுக்குத் தெரியாது. போய்ச்சேரும் ஊரின் பெயரை மட்டும் எழுதவில்லை. அது மறக்கக்கூடிய பெயர் இல்லை.

1951 நவம்பர். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்தில் லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ராஃபேல் தோட்டத்து லோரி டிரைவர். வயது முப்பத்தொன்று. இடது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. போன வருஷம் பம்புக் கொட்டகைப் பக்கம் காட்டுக்காரர்கள், காட்டிலிருந்து வெள்ளைக்காரனோடு சண்டை போடும் கம்யூனிஸ்டுகள், நாலு பேர் லோரியை மறித்தார்கள். வாரம் ஒரு மூட்டை அரிசி கொண்டுவந்து போட வேண்டும் என்றார்கள். முடியாது, வீட்டில் வயதுப்பெண் இருக்கிறாள் என்றான். அவன் கையை லோரியின் பின்பலகைமேல் வைத்துத் துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள். மறுவாரம் வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் சன்னாசியை ரப்பர் மரத்தில் கட்டிவைத்து வெட்டினார்கள். சன்னாசி என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது.

வயதுப்பெண் அவன் தங்கை டொரீன். அவளுக்குத் தைப்பிங் ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்த பெர்னாட்டைப் பேசியிருந்தார்கள். தைப்பிங் ஏரிக்கரை ஊர். துரைமார்கள் லீவு எடுத்துக்கொண்டு போய்க் காற்று வாங்கும் இடம். சாயங்காலங்களில் ஏரியைச் சுற்றி நடக்கலாம் என்று பெர்னாட் எழுதியிருந்தான்.

"ஏரியில முதலை கெடக்குமா அண்ணே?"

"ஒண்ணு இருக்கு. ஒன் மாமியா."

மாமியாரின் கடிதம் போன வாரம் வந்திருந்தது. முதல் தடவை ஊரடங்கு என்றீர்கள், இரண்டாம் தடவை சாவு என்றீர்கள். டிசம்பர் முதல் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெண் கோயிலில் இல்லையென்றால் ஈப்போப் பெண்ணை முடிக்கிறோம். மறுநாள் திருவருகைக்காலம் தொடங்குகிறது. அதன்பின் கிறிஸ்துமஸ் முடியும்வரை சாமியார் தாலி மந்திரிக்க மாட்டார்.

இரண்டு தடவை தள்ளிப்போனதால் இந்தத் தேதியை லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுத் தாயம்மாவுக்கு மட்டும் தெரியும். தாயில்லாத டொரீனுக்குச் சடங்கு செய்து தண்ணீர் ஊற்றியவள் அவள்தான்.

"ரயில்ல போனா ஒரே நாளுலா," என்றாள் டொரீன்.

"அப்பா போன ரோடு."

"அதான் ரோட்டுக்கு நம்மளத் தெரியுமே."

ராஃபேல் சிரிக்கவில்லை. ஜூலையில் அப்பா அந்த ரோட்டில்தான் கல்யாணத் தேதி பேசக் கிளம்பினார். பதினேழாங்கட்டையில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டைகளை வாங்கிக் கிழித்துப் போட்டார்கள். அப்பா கொடுக்கவில்லை. சட்டைப்பைமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். கையோடு சேர்த்துச் சுட்டார்கள். பஸ்ஸைக் கொளுத்தினார்கள். ராஃபேல் லோரியில் போய் அவரை எடுத்துவந்தான். அட்டை பையிலேயே இருந்தது, நடுவில் ஓட்டையோடு. அந்த வழியில் மொத்தம் நாலு சிலுவை.

"படகு?"

"மீன்படகுக்கார ஆ சோங் கூட்டிட்டுப் போறேங்கிறான். போன மாசம் வெளக்கு இல்லாமப் போன படகை ரோந்துக்காரன் சுட்டுட்டான். மீன் கரைக்கு வந்துச்சு, மூணு ஆளு வரல."

"அப்ப கடற்கரைதானா?"

"அங்க ஒரே ஒரு சிலுவை. சேகிஞ்சான் தாண்டினா வெறும் வயல்லா. ஒளிஞ்சிருந்து சுடுறவனுக்கு மரம் இல்ல."

"ஓடி ஒளியறவளுக்கும் இல்ல."

"நீ ஓடாத. குனிஞ்சு படு."

வியாழக்கிழமை கிளம்பி, சபாக்கில் பழைய டிரைவர் தங்கராஜு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை தெலுக் ஆன்சனில் ரயில் ஏற வேண்டும். அன்று மாலையே தைப்பிங். சனிக்கிழமை கோயில். ராஃபேல் மணிக்கணக்கை நாலு தடவை சரிபார்த்தான். சாவடிகளில் கேட்கும் கேள்விகளை டொரீனுக்குச் சொல்லிக்கொடுத்தான். வேலிக் கேட்டைப் பற்றி அவன் யோசிக்கவில்லை. அதைத்தான் தினமும் கடக்கிறானே.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு இருவரும் கேட்டுக்கு வந்தார்கள். பெண்களைத் தடவிச் சோதிக்கும் கலாவதி டொரீனைச் சோதித்து வெளியே விட்டாள். ராஃபேல் தகரப்பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்தான். ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வீரன் குனிந்தான். இதே தோட்டத்தில் பால்வெட்டிக்கொண்டிருந்தவன், ராஃபேலோடு கள்ளுக்கடைக்குப் போகிறவன்.

"என்னண்ணே, தலகாணியெல்லாம் கொண்டுபோற? போற எடத்துல பாய் போடமாட்டாங்களா?"

சொல்லிக்கொண்டே தலையணையை அமுக்கினான். பஞ்சுக்குள் சரசரவென்றது. அவன் முகம் மாறியது. பின்னால் நின்ற மலாய் சார்ஜன் கையை நீட்டினார். தையலைப் பிரித்ததும் அரிசி கொட்டியது. இரண்டு காத்தி, ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும்.

ஒரு பிடி அரிசி வேலியைத் தாண்டினால் ஜெயில். காட்டுக்குப் போகிறது என்று அர்த்தம்.

ராஃபேல் திரும்பிப் பார்த்தான். வேலிக்கு உள்ளே தாயம்மா சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"யாரோடது?" என்றான் வீரன்.

"என்னோடது."

"ஐயோ, நான்தான்யா வச்சேன்!" தாயம்மா வேலிக் கம்பியைப் பிடித்து உலுக்கினாள். "பொறந்த வீட்டு அரிசியில மொதச் சோறு பொங்காம எப்படிய்யா ஒரு பொண்ணு வாழப்போறது? ரேஷன்ல பிடிப்பிடியா எடுத்து வச்சேன்யா!"

சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறாள் என்று மலாயில் கேட்டார். பைத்தியம் என்றான் ராஃபேல். வீரன் அதை மாற்றிச் சொல்லவில்லை. ராஃபேலின் விரல்கள் ஏன் மடங்காது என்றும் அவனுக்குத் தெரியும். சார்ஜன் வீரனையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரன் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்துக் கட்டையால் ராஃபேலின் வாயில் இடித்தான். கூட்டாளியை அடிக்கிறவன் அப்படித்தான் அடிப்பான், தேவைக்கு மேலே. ராஃபேல் அரிசிமேல் விழுந்தான். அரிசி சிவந்தது.

பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. பத்தாங் பெர்ஜுந்தை பஸ். அங்கே போய் மாறினால் எந்தத் திசைக்கும் போகலாம்.

"அண்ணே, வாயெல்லாம் ரத்தம்."

"என் வாய்தானே. ஏறு."

"பெட்டி?"

"கூறைச்சேலை அவங்க வீட்டுதுதானே. ஏறுடி!"

டொரீன் ஏறினாள். கையில் ஒரு கைப்பை மட்டும். சார்ஜன் தடுக்கவில்லை. அவருக்கு ஆள் கிடைத்துவிட்டான்.

போலீஸ் நிலையத்தில் ராஃபேலின் சட்டைப்பையிலிருந்து அந்தச் சிட்டை எடுத்தவன் துப்பறியும் பிரிவுச் சிவானந்தம். வெள்ளைச் சட்டை போட்டவன். சிட்டை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் படித்தான்.

"மூணு வழி. மணி. சாவடி. காட்டுக்காரன்கூட இவ்வளவு சுத்தமா எழுதமாட்டான்லா. இந்தச் சிலுவை என்னடா?"

"செத்தவங்க."

"செத்தவங்களா, சாகப்போறவங்களா?"

ராஃபேல் சிட்டை மறுபடி பார்த்தான். அந்தக் கேள்வி நியாயமானதாகவே அவனுக்குப் பட்டது.

"லோரி ஓட்டுறவன். பெட்டியில அரிசி. பையில வரைபடம். தங்கச்சி மட்டும் பஸ்ல போயிட்டா. அவகிட்ட என்ன குடுத்தனுப்பின? எந்த வழி போறா? மூணு பக்கமும் தேட எங்கிட்ட ஆளு இல்ல. ஒரு பக்கம் சொல்லு."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. டொரீன் இந்நேரம் கடற்கரைப் பாதையில் தஞ்சோங் காராங் தாண்டியிருப்பாள். உண்மையைச் சொன்னால் சேகிஞ்சான் சாவடியில் இறக்கிவிடுவார்கள். கல்யாணம் என்று சொன்னால் தைப்பிங்கில் காத்திருந்து பிடிப்பார்கள். விசாரித்து விட்டுவிடுவார்கள்தான், திங்கட்கிழமை.

"ரயில்," என்றான்.

ரவாங்குக்குத் தொலைபேசி போயிற்று. மூன்று ரயில்களில் தேடினார்கள், அவள் இல்லை. சாயங்காலம் சிவானந்தம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ரப்பர்க் குழாயோடு வந்தான். மடங்காத விரல்களை மடக்கிப் பார்த்தான். தோட்டத்திலும் கேட்டார்கள். வேலியைப் பிடித்து அலறிய தாயம்மா, டொரீன் போன ஊரைக் கேட்டபோது வாய் திறக்கவில்லை. வீரன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான்.

வெள்ளிக்கிழமை காலை ராஃபேல், "படகு," என்றான். சிட்டில் ஆ சோங்கின் பெயர் இருந்தது.

மதியம் ஆ சோங்கைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயது. வெற்றுக்கால். கையில் மீன்செதில் இன்னும் ஒட்டியிருந்தது. பக்கத்து அறையில் அவன் மலாயில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. நான் யாரையும் ஏற்றவில்லை. ஒவ்வொரு தடவையும் குழாயின் சத்தம் அந்த வாக்கியத்தை நடுவில் வெட்டியது. வாக்கியம் வரவரச் சின்னதாயிற்று.

ராஃபேல் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டு மணி. டொரீன் ரயிலில் இருக்க வேண்டும். இல்லாமலும் இருக்கலாம். ஆ சோங் சொல்வதை இவர்கள் நம்பிவிட்டால், மிச்சம் ஒரு வழிதான்.

மூன்று மணிக்கு ஆ சோங்கை அவன் முன்னால் நிறுத்தினார்கள். ஒரு கண் மூடிப்போயிருந்தது. மற்றக் கண்ணில் பயம்கூட இல்லை. இவன் இப்போது சரியாகச் சொல்லிவிடுவான் என்ற நம்பிக்கைதான் இருந்தது. இரண்டு பேருக்கும் பத்து வருஷப் பழக்கம். ஜப்பான்காரன் காலத்தில் ஆ சோங் கருவாடு கொடுத்துத்தான் ராஃபேல் வீடு பட்டினியில்லாமல் இருந்தது.

"இவன்தானா ஏத்திட்டுப் போனது?" என்றான் சிவானந்தம்.

"இவன்தான்."

ஆ சோங் கத்தினான். பொய் என்றான். பிறகு சீனத்தில் என்னவோ சொன்னான். இழுத்துப் போனார்கள். கதவை மூடவில்லை.

ராஃபேல் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தான். அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான். பக்கத்து அறையில் எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும், அவன் கையில் கேட்டதுதான்.

சனிக்கிழமை பத்து மணிவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சாமியார் நேரத்துக்கு வருகிறவராக இருக்க வேண்டும். பூசை, பிரசங்கம், தாலி, எல்லாம் முடிந்திருக்கும். பத்தேகாலுக்குச் சிவானந்தத்தைக் கூப்பிடச் சொன்னான். எல்லாவற்றையும் சொன்னான். கடற்கரைப் பாதை, தங்கராஜு வீடு, தைப்பிங், கோயில், பெர்னாட், மாமியாரின் கடிதம், தலையணை அரிசி. வீங்கிய வாயால் சொன்னதைச் சிவானந்தம் இரண்டு தடவை கேட்டு எழுதினான். போய்த் தொலைபேசி செய்தான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான்.

"தாலி ஏறிருச்சாம். ஒம்போதரைக்கே. கழுத்துல மாலையோட ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டு வந்து விசாரிச்சிருக்காங்க. ஒரு கைப்பைதான் இருந்துச்சாம்." நாற்காலியில் உட்கார்ந்தான். "இதை வியாழக்கிழமையே சொல்லித் தொலைச்சிருந்தா பல்லாவது மிஞ்சியிருக்கும்லடா?"

"நீங்க விட்டிருக்கமாட்டீங்க."

சிவானந்தம் பேனாவை மூடினான். "விட்டிருக்கமாட்டேன்," என்றான். "அரிசிக்கு உள்ள போகத்தான் வேணும். ரெண்டு வருஷம் வரும்."

ஆ சோங்கை விடச்சொல்லிவிட்டு வெளியே போனான்.

ஆ சோங் தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்து நடந்து வந்தான். வலது கை மார்போடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தது. வலை இழுக்கும் கை. தரையில் உட்கார்ந்திருந்த ராஃபேலின் முன்னால் நின்று, ஏன் என்று மலாயில் கேட்டான். உதடு மட்டும் அசைந்தது.

"தங்கச்சிக்குக் கல்யாணம்," என்றான் ராஃபேல். "முடிஞ்சிருச்சு."

ஆ சோங் அதைக் கேட்டுத் தலையசைத்தான். பிறகு இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி ராஃபேலின் முகத்தில் உதைத்தான். காவலுக்கு நின்றவன் தடுக்கவில்லை. இன்னொரு தடவை உதைத்தான். ராஃபேல் கையைத் தூக்கவில்லை. மூன்றாவது உதைக்கு ஆ சோங்கிடம் பலம் இல்லை. ராஃபேல் முகத்தைக் காட்டியபடியே உட்கார்ந்திருந்தான்.