பின்வாசல் குழாய்

நாட்டுக்கு மெர்டேக்கா என்னும் விடுதலை வந்த வருடம், ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் அதை விட்டுவிட்டு நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தேன். விடுதலை விடுதலையென்று எங்கள் காஜா பெராங் வட்டாரம் முழுக்கக் கத்தித் திரிந்த பெரியப்பா, வீட்டில் எனக்கொரு சட்டம் போட்டார்.

“டீச்சருன்னா மாப்பிள்ள வருவான். கண்டவன் உடம்பத் தொடுற நர்ஸு மிஸ்ஸிய எவன் கட்டுவான்? குளிக்காம உள்ள வராத.”

பயிற்சி விடுதியிலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம், சாவு வீட்டுக்குப் போய்வந்தவளைப் போலப் பின்வாசல் குழாயில் தலைமுழுகினேன். ஒருநாள் மழையில் குடை பிடிக்க வந்த அம்மா என்மேல் பட்டுவிட்டார். அவரையும் முழுகவைத்தார் அந்தப் பெரிய மனிதர்.

பிறகு அவருக்கே பிட்டத்தில் கட்டி வந்து உடைந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் மானம் போய்விடுமாம். நான் குளிக்குமுன்பே பின்வாசலில் வழிமறித்து, “யாருக்கும் தெரியாம நீயே பாத்து விடும்மா” என்று குழைந்தார். கொல்லைக் கொட்டகையில் குப்புறப் படுக்கவைத்துச் சீழைத் துடைத்தேன். மருந்து வைத்து ஒட்டினேன். வேட்டியைச் சரிசெய்துகொண்டு வீட்டுக்குள் போகப் பார்த்தார்.

“நான் தொட்டுட்டேன், பெரியப்பா. முழுகாம உள்ள போகக் கூடாது. ஆனா ஒரு வாரத்துக்கு அந்த மருந்து நனையவும் கூடாது. எங்க படுத்துக்கப் போறீங்க?”