நகராத மூலை

சாதாரண தரப் பரீட்சையில் எனக்குக் கணிதம் மட்டும் விழுந்தது. மறுபடி எழுதலாம் என்று இருந்தபோது அம்மாவுக்கு வேலை நின்றது. இடுப்பு வலி, வயதும் ஆகிவிட்டது. குடும்பத்தில் ஒருவராவது பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்து வீடு நம்முடையது. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதுதான் வழக்கம். அப்பா இல்லை. தங்கைக்குப் பேர் பதியும் வயது இன்னும் வரவில்லை. எனக்குப் பதினெட்டு.

"ஒரு வருசம் மட்டும் போ புள்ள. பொறகு பாப்போம்," என்றார் அம்மா. பதிந்தேன்.

அந்த வருடப் பரீட்சை தங்கைக்கு முதல் தடவை, எனக்கு இரண்டாம் தடவை. மாலையில் பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, கறை போகாத விரலோடு அவளுடன் உட்காருவேன். அவளோ பள்ளிக்கூடம் விட்டு வந்து, முகம் கழுவி, பவுடர் போட்டு, மகாராணி மாதிரி காத்திருப்பாள். என்னை வதைத்தது சுழற்சிக் கணக்கு. அச்சுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தைப் பாடநூல் உற்பத்தி என்கிறது. அதைச் சுற்றி உருவத்தைத் திருப்ப வேண்டும். இடஞ்சுழியாகத் தொண்ணூறு பாகை என்றால் மூன்று, இரண்டு என்ற புள்ளி கழித்தல் இரண்டு, மூன்று ஆகிவிடும். கடையில் வாங்கிய பணிஸ் சுற்றி வந்த எண்ணெய்த் தாளில் தங்கை உருவத்தைப் பிரதியெடுத்து, உற்பத்தியில் ஊசி குத்தித் திருப்பிக் காட்டுவாள்.

ஒருநாள் வந்த முக்கோணத்துக்கு ஒரு மூலை உற்பத்தியிலேயே இருந்தது. நான் மூன்று மூலைகளையும் நகர்த்தி வைத்தேன். தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, சைபர் சைபர் எங்க போகும்? அது அங்கயேதான் இருக்கும்."

"ஏன் இருக்கணும்? மத்ததெல்லாம் போகுதுல்ல, அதுவும் போகட்டும்."

"அது போனா மத்தது எதைச் சுத்தும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கொப்பியை மூடிவிட்டு எழுந்து போனேன். ஆனாலும் படித்தேன். பரீட்சையன்று அரை நாள் லீவு கேட்டுக் கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சியது நான்தான்.

பெறுபேறு போனில் வந்தது. இருவரும் சித்தியடைந்திருந்தோம். பதுளையில் உயர்தரம் படிக்க இருவருமே விண்ணப்பிக்கலாம். அன்று அம்மாவிடம் கேட்டேன்.

"ஒரு வருசம்னுதானே சொன்னீங்க?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னார்: "நீ பேரை வெட்டிட்டா வீட்டைக் கேப்பாங்க. மூணு பேரும் எங்க போறது?"

அம்மா சொன்னதில் பொய் இல்லை. கத்துவதற்காவது ஒரு ஆள் வேண்டாமா? யார் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் காலை வழக்கம்போல், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போய் நின்றேன்.

தங்கைக்குப் பதுளையில் விடுதியும் கிடைத்தது. அவளை பஸ் ஏற்றப் போனேன். பனியில் நனைந்த ஜன்னலைத் துடைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

"நீ வீட்டுல இருக்கதானே அக்கா. எனக்கு ஒரு பயமும் இல்ல."

அன்பாகத்தான் சொன்னாள். ஓங்கி ஓர் அறை விட வேண்டும் போலிருந்தது எனக்கு. "தலைய உள்ள எடு," என்றேன்.