ஐந்து வோல்ட் சரி, பன்னிரண்டு வோல்ட்டுக்கு யார் பொறுப்பு?

1. கழற்றி வரச் சொன்னார்கள்

"கொல்லிமலைக்குப் போய் அந்தப் பெட்டியைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க மேடம். அந்தம்மா பேட்டரியில டேப் ரெக்கார்டர் மாட்டி வச்சிருக்கு. அதான் போன் கட்டாகுது. ரிப்போர்ட் மேல அனுப்பியாச்சு."

சேலத்தில் எங்கள் சர்வீஸ் மேனேஜர் இப்படிச் சொன்னது தொண்ணூற்று ஒன்பதில். அவர் ஒருமுறைகூட அந்த மலைக்குப் போனதில்லை. கம்பி இழுக்க முடியாத ஊர்களில் தொலைபேசித் துறை ரேடியோ மூலம் இயங்கும் பொதுத் தொலைபேசிகளை வைத்துக்கொண்டிருந்த காலம் அது. சோலார் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுத்து ரேடியோவுக்கும் போனுக்கும் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளை பெட்டிகளை எங்கள் கம்பெனி செய்தது. நான் அங்கே ஃபீல்டு இன்ஜினியர்.

மேனேஜர் 'அந்தம்மா' என்றது வெள்ளையம்மாவை. கொல்லிமலையில் எடப்புளி நாடு என்ற ஊர்த்தொகுதியில் மிளகும் மரவள்ளியும் போடும் விவசாயி. அவர் வீட்டு முன்னறையில்தான் ஊர்ப் போன் இருந்தது.

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்க அம்மிணி, கழட்டிட்டுப் போகத்தான் வந்தீங்களா?" என்றார் வெள்ளையம்மா. பேட்டரி இருந்த மரப்பெட்டியை அவரே திறந்து காட்டினார். "நல்லாப் பாருங்க. எங்கூட்ல டேப்பே கெடையாதுங்க."

பேட்டரியில் எங்கள் வயர் இரண்டைத் தவிர வேறெதுவும் இல்லை. கம்பெனி வைத்த சீல் உடையாமல் அப்படியே இருந்தது. யாரும் வந்து பார்க்காமலே அந்த ரிப்போர்ட் போயிருக்கிறது என்று அப்போதே புரிந்தது.

கூட்டத்திலிருந்து ராசு என்பவர் முன்னே வந்தார். வெள்ளையம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர். வெள்ளையம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"பிரசவத்துல எஞ்சம்சாரத்துக்கு ரத்தம் நிக்கலீங்க. ஜீப்பு கேட்டுப் போன் பண்ணுனேன். 'எந்த ஊரு'ன்னு கேட்டாங்க. சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சு. மறுக்காவும் கட்டு. தூளி கட்டிச் சோளக்காட்டுக்குத் தூக்கிட்டு ஓடுனோமுங்க. அவ பொழச்சுக்கிட்டா. கொழந்தை பொழைக்கலீங்க. இவங்க டேப்பு மாட்டுனதாலதான்னு உங்க ஆபீஸ்லயே சொன்னாங்க."



2. மீட்டர் வைத்துப் பார்த்தது

அந்தப் பெட்டியில் மூன்று அவுட்புட். லாஜிக் கார்டுக்கு ஐந்து வோல்ட், ரேடியோவுக்குப் பன்னிரண்டு, போன் லைனுக்கு நாற்பத்தெட்டு. ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பில்லாமல் தனித்தனி வைண்டிங்கில் (கம்பிச் சுற்றில்) பிரிந்திருக்கும். ரிசீவர் கீழே இருக்கும்போது அளந்தேன். மூன்றும் சரியாக இருந்தன. ராசுவை நாமக்கல்லுக்குப் பேசச் சொன்னேன். ரேடியோ சிக்னல் அனுப்ப ஆரம்பித்ததும் பன்னிரண்டு வோல்ட் சரிந்து ஒன்பதுக்கும் கீழே போனது. ரேடியோ அணைந்தது, கால் கட்டானது. கரண்ட் இழுக்கும் அந்த லோடு போனவுடன் மறுபடியும் பன்னிரண்டு. இத்தனை நேரமும் ஐந்து வோல்ட் அசையவே இல்லை.

இளைய இன்ஜினியர்களுக்காகச் சொல்கிறேன். மூன்று அவுட்புட்டுக்கும் சேர்த்து ஒரே ட்ரான்ஸ்ஃபார்மர், ஒரே ஸ்விட்ச். ஸ்விட்சை இயக்கும் கண்ட்ரோல் ஐ.சி., ஆப்டோகப்ளர் என்ற ஒளி இணைப்பு வழியாக ஐந்து வோல்ட்டை மட்டுமே பார்க்கிறது; ஃபீட்பேக் என்பது இதைத்தான். லாஜிக் கார்டு கொஞ்சம்தான் கரண்ட் எடுக்கும். ஐந்து சரியாக இருந்தால் ஐ.சி. அதற்கு மேல் மெனக்கெடாது. பன்னிரண்டில் என்ன நடக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சமவெளியில் டவர் பக்கத்தில் இருப்பதால் ரேடியோ குறைந்த பவரில் ஓடி, இந்தக் குறை வெளியே தெரியவில்லை. மலையில் முழுப் பவரில் கத்தினால்தான் டவருக்குக் கேட்கும்.

அப்படியென்றால் பன்னிரண்டை நிலையாக நிறுத்த அதற்குத் தனி ரெகுலேட்டர் வேண்டும். சீலை உடைத்துப் பெட்டியைத் திறந்தேன். போர்டில் ரெகுலேட்டருக்கான இடம் பெயரோடு அச்சாகியிருந்தது. அந்த இடம் காலி! செலவைக் குறைக்க அதை எடுத்துவிட்டு, ட்ரான்ஸ்ஃபார்மரில் அதற்கென இருந்த கூடுதல் சுற்றையும் குறைத்து, நேரடியாகப் பன்னிரண்டை எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. இது தேவை என்று தெரிந்துதான் ஒருவர் வரைந்திருக்கிறார். இன்னொருவர் எடுத்திருக்கிறார். பழி ஒரு மலைக்காரப் பெண்மேல்.

பெட்டியை நான் கழற்றவில்லை. ஐந்து வோல்ட்டில் ஒரு பெரிய ரெசிஸ்டரை, வெறுமனே கரண்ட் இழுக்கும் டம்மி லோடாகப் போட்டேன். அந்த லோடுக்காக ஐ.சி. கூடுதலாகத் தள்ளும், அதோடு பன்னிரண்டும் தாக்குப்பிடிக்கும். பேட்டரி சீக்கிரம் இறங்கும்தான், ஆனால் பேச முடியும். ராசு மறுபடி பேசினார். கட்டாகவில்லை.

3. சேலத்தில்

"டெஸ்ட்ல பாஸ் ஆன பெட்டி மேடம் அது" என்றார் மேனேஜர்.

"மூணுலயும் ஒரே நேரத்துல ஃபுல் லோடு போட்டுப் பாஸ் பண்ணியிருக்கீங்க சார். அஞ்சுல லோடைக் குறைச்சு, பன்னெண்டுல மட்டும் முழுசாப் போடுங்க."

அதே மாதிரி இன்னொரு பெட்டியை எடுத்து அவர் மேஜையிலேயே போட்டுக் காட்டினேன். மீட்டர் ஒன்பதுக்குக் கீழே போனது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை வெளியில பேசாதீங்க. அடுத்த பேட்ச்ல ரெகுலேட்டர் போட்டுடலாம். இம்ப்ரூவ்மெண்ட்னு சொல்லிக்கலாம்."

"அந்தம்மா மேல அனுப்பின ரிப்போர்ட்?"

"அது போனது போனதுதான். அவங்க படிக்கவா போறாங்க?"

ஒரு குழந்தை செத்திருக்கிறது, ஒரு குடும்பம் ஊர்ப் பழியைச் சுமக்கிறது, இதற்குப் பெயர் இம்ப்ரூவ்மெண்ட். நான் நேராக மேலதிகாரியிடம் போய், ரிப்போர்ட்டைத் திரும்பப் பெறாவிட்டால் தொலைபேசித் துறையிடம் நானே சொல்வேன் என்றேன். சத்தம் போட்டார்கள், வேலையை விட்டு எடுப்பதாக மிரட்டினார்கள். கடைசியில் ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

சுற்றைக் கூட்டி, ரெகுலேட்டர் வைத்த முதல் புதுப் பெட்டியை எடப்புளி நாட்டுக்கு நானே கொண்டுபோனேன். மாட்டி முடித்ததும் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "இங்க யாரும் எதையும் மாட்டலீங்க. எங்க கம்பெனிதான் உள்ள இருக்க வேண்டிய ஒரு பாகத்தை எடுத்துட்டாங்க. தப்பு எங்களுது."

ராசு வெள்ளையம்மாவின் முன்னால் போய் நின்றார். "பெரீம்மா..." என்றார்.

"விடு சாமி. ஆபீஸ்ல சொன்னதத்தான நீ நம்புன" என்றார் வெள்ளையம்மா. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வந்து சொல்லிட்டீங்க கண்ணு. எம்மேல எழுதுனவரு வரலீங்களே?"

அந்தக் கோபம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஃபீட்பேக் இல்லாத அவுட்புட் ஒவ்வொன்றிலும், மற்றவற்றின் லோடைக் குறைத்துவிட்டு, முழு லோடு போட்டு அளந்து பாருங்கள். அதைச் செய்யாதவரை, பெட்டியைப் பயன்படுத்துகிறவர்மேல் ஒரு வரிகூட எழுத உங்களுக்கு உரிமை இல்லை.